உயர்தரம் எழுதிவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஆய்வை எப்படிக் காட்டுவது?

மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர் கேட்டது:

"உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, கெம்பஸ் தொடங்கும்வரை பிள்ளைகளுக்கு நீண்ட இடைவெளி கிடைக்கிறது. சிலர் கம்பியூட்டர் வகுப்புக்குப் போகிறார்கள், சிலர் கடையில் நிற்கிறார்கள், பலர் போனோடு இருக்கிறார்கள். இந்த நேரத்தில் ஆய்வு என்றால் என்ன என்று அவர்களுக்கு அறிமுகப்படுத்த ஆசை. ஒரு பேராசிரியரைக் கூப்பிட்டு அரை நாள் கருத்தரங்கு வைக்கலாம் என்று யோசிக்கிறோம். விஞ்ஞானப் பிரிவுக்கு மட்டும் வைத்தால் போதும், கலைப்பிரிவுக்கு ஆய்வு எதற்கு என்கிறார் எங்கள் அதிபர். உங்கள் கருத்து என்ன?"

பெப்ரவரி 8, இரவு

சேர், கருத்தரங்கு வேண்டாம். வருகிற பேராசிரியர் நல்ல மனதோடுதான் வருவார், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆய்வின் வகைகள், படிமுறைகள், நோக்கங்கள் என்று அரை நாளில் சொல்வதைப் பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டு போவார்கள், அதோடு முடிந்துவிடும். பதின்மூன்று வருடமாக அவர்கள் அதைத்தான் செய்துவந்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் அவர்கள் சந்தித்த ஒவ்வொரு கேள்விக்கும் எங்கேயோ ஒரு விடை அச்சடிக்கப்பட்டு இருந்தது. புள்ளித்திட்டத்தில், கடந்தகால வினாத்தாள் புத்தகத்தில், ரியூசன் சேரின் குறிப்பில். யாரிடமும் விடை இல்லாத ஒரு கேள்வியோடு அவர்களை யாரும் தனியே விட்டதில்லை. ஆய்வை அறிமுகப்படுத்துவது என்றால் அப்படி விடுவதுதான். ஒரு சின்னக் கேள்வி, அவர்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்ப் பார்த்துவரக்கூடிய கேள்வி, ஆசிரியருக்கும் விடை தெரியாத கேள்வி. அதைக் கொடுத்து, இரண்டு மூன்று மாதம் கூடவே இருங்கள்.

ஆரையம்பதியில் ஒரு தோழியின் வீட்டு விறாந்தையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இதைத்தான் செய்கிறோம். நான் உயிரியல் படிப்பிப்பவள், அவள் தமிழ் படிப்பிப்பவள்.

பெப்ரவரி 9, காலை

நேற்று எழுதும்போது அதிபரின் கருத்தைத் தொடாமல் விட்டுவிட்டேன், அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல இருக்கிறது. சாதாரணதரம் முடிந்தவுடன் பதினாறு வயதில் பிள்ளைகளைக் கலை, வர்த்தகம், உயிரியல், கணிதம், தொழில்நுட்பம் என்று பிரித்துவிடுகிறோம். அதன்பிறகு ஒரு பக்கத்துப் பிள்ளை மற்றப் பக்கத்தை எட்டியும் பார்ப்பதில்லை.

காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலானந்தரின் படம் நம் பள்ளிக்கூடச் சுவர்களில் எல்லாம் தொங்குகிறது. அவர் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞானம் படிப்பித்தவர். அதே மனிதர்தான் பின்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 இலிருந்து இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். 1947 இல் வெளிவந்த யாழ் நூலைத் திறந்து பார்த்தால் சிலப்பதிகார வரிகளுக்குப் பக்கத்தில் சுரங்களின் விகிதக் கணக்கு இருக்கும். வழக்கொழிந்துபோன ஒரு வாத்தியத்தைப் பழைய பாட்டு வரிகளையும் பௌதிகத்தையும் சேர்த்துத்தான் அவரால் மீட்க முடிந்தது. கலைப்பிரிவுக்கு ஆய்வு எதற்கு என்று கேட்பவருக்கு இதைச் சொல்லுங்கள் சேர், மரியாதையோடு சொல்லுங்கள்.

பெப்ரவரி 11

"சின்னக் கேள்வி என்றால் என்ன, உதாரணம் தாருங்கள்" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எங்கள் குழுவில் வந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கல்லடிக்கும் நாவலடிக்கும் இடைப்பட்ட மணல் திட்டில் வசிக்கும் ஒரு தம்பி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அவனுடைய வீட்டுக் கிணறு மாரியில் நல்ல தண்ணீர், கோடையில் சவர். ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள கிணறு வருடம் முழுக்க நல்ல தண்ணீர். ஏன்? இதுதான் கேள்வி, அவனே கொண்டுவந்தது.

முதலில் அவனை வாசிக்க வைத்தோம். கரையோர மணலில் மழைநீர் ஊறி, பாரமான உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. அதனால் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மறுபக்கமாகப் பார்த்தால், மேலே கொஞ்சம் இறைத்தாலும் கீழிருந்து உப்பு பல மடங்கு மேலே ஏறும். 2004 சுனாமிக்குப் பிறகு உதவ வந்தவர்கள் கிணறுகளை மோட்டர் வைத்து இறைத்து இறைத்துச் சுத்தம் செய்தார்கள் அல்லவா. கிழக்குக் கரையோரக் கிணறுகளை அப்போது தொடர்ந்து அளந்த ஆய்வாளர்கள், இறைத்ததால் உப்பு குறைவது துரிதப்படவில்லை, மழைதான் குறைத்தது என்று கண்டார்கள். இதை வாசித்தபோது அந்தத் தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவன் பிறந்த வருடத்துக்கு முன்னால் நடந்தது, ஆனால் அவனுடைய கிணறு, அவனுடைய தெரு.

பிறகு ஒரு மலிவான கடத்துதிறன் மானி வாங்கிக் கொடுத்தோம். பேனா மாதிரி இருக்கும், தண்ணீரில் வைத்தால் எண் காட்டும், உப்பு கூடினால் எண்ணும் கூடும். தெருவில் சில கிணறுகளைத் தெரிந்தெடுத்து, ஒரே நேரத்தில், ஒரே ஆழத்தில் அளக்கச் சொன்னோம். அளக்கத் தொடங்குமுன் என்ன எதிர்பார்க்கிறாய் என்று திகதி போட்டு எழுதி வைக்கச் சொன்னோம். மழைக்குப் பிறகு எல்லாவற்றிலும் உப்பு குறையும் என்று எழுதினான்.

மழை பெய்தது. எல்லாவற்றிலும் குறைந்தது, ஒன்றில் மட்டும் கூடியது. அவன் வந்து, "மிஸ், அந்தக் கிணறு பிழை, அட்டவணையில இருந்து எடுத்துருவம்" என்றான்.

என்னைப் பொறுத்தவரை ஆய்வு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தொடங்கியது. எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஏன் எடுக்க வேண்டும் என்று காரணம் எழுது, எழுத முடிந்தால் எடுப்போம் என்றோம். எழுத முடியவில்லை. மறுபடி அளந்தான், மானியைத் தெரிந்த உப்புக் கரைசலில் வைத்துச் சரிபார்த்தான், அந்த வீட்டு அம்மாவிடம் போய்ப் பேசினான். கிணற்றுக்குப் பக்கத்தில் கருவாடு காயப்போடுகிறார்களாம், மீன் அலசிய உப்புத் தண்ணீரை அங்கேயே ஊற்றுகிறார்களாம். மழை அதைக் கழுவிக் கிணற்றுக்குள் கொண்டுபோயிருக்கலாம். "இருக்கலாம்" என்றுதான் அவனும் எழுதியிருக்கிறான். அந்தச் சொல்லை அவன் தானாகப் போட்டான்.

பெப்ரவரி 12

ஏறாவூரிலிருந்து எழுதிய அண்ணனுக்கு: "இது விளையாட்டு, பிள்ளைகளால் உண்மையான ஆய்வு செய்ய முடியாது" என்கிறீர்கள். இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற பிள்ளை ஒன்பது வயதில் பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சிக்காக ஒரு சோதனை செய்தாள். உடம்பைத் தொடாமலே கையால் ஒருவரின் சக்தியை உணர முடியும் என்று சொல்லிச் சிகிச்சை செய்பவர்கள் 21 பேரை உட்கார வைத்து, நடுவே ஒரு தடுப்புப் போட்டு, அவர்களின் எந்தக் கைக்கு மேல் தன் கை இருக்கிறது என்று கேட்டாள். எந்தக் கை என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்தாள். 280 தடவையில் அவர்கள் சரியாகச் சொன்னது 44 வீதம். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 வீதம் வரும். 1998 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் அது வெளிவந்தது, அப்போது அவளுக்கு 11 வயது.

இங்கிலாந்தில் பிளாக்கோட்டன் என்ற ஊரின் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் எட்டிலிருந்து பத்து வயதுக்குள் 25 பிள்ளைகள், வண்டுத்தேனீக்கள் பூவைத் தெரிந்தெடுக்க நிறத்தோடு அது இருக்கும் இடத்தின் ஒழுங்கையும் பயன்படுத்துகின்றனவா என்று சோதித்தார்கள். 2010 இல் பயோலொஜி லெட்டர்ஸ் சஞ்சிகையில் வந்தது. படங்கள் கலர் பென்சிலால் கீறியவை.

இரண்டிலும் ஆடம்பரக் கருவி கிடையாது. ஒரு தடுப்பு, ஒரு நாணயம், ஒரு பெட்டி, கொஞ்சம் சீனித் தண்ணீர்.

பெப்ரவரி 12, பின்னேரம்

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்து வாசியுங்கள். எமிலியின் அம்மா தாதி, கட்டுரையை எழுதியதில் அவருக்கும் பங்கு உண்டு. பிளாக்கோட்டன் பிள்ளைகளோடு ஒரு நரம்பியல் விஞ்ஞானி கூடவே இருந்தார். பிள்ளையைத் தனியே விடு என்று முதல் நாள் நான் எழுதியது விடை விஷயத்தில் மட்டும்தான். பொறுமையாகக் கூட இருக்கும் ஒரு பெரியவர் இல்லாமல் இது நடக்காது. அவர் கலாநிதியாக இருக்கத் தேவையில்லை, "எனக்கும் தெரியாது, பார்ப்போம்" என்று பிள்ளையின் முன் சொல்லக்கூடியவராக இருந்தால் போதும். நம் ஊரில் அப்படியொரு ஆசிரியரைத் தேடுவது மானி தேடுவதைவிடக் கஷ்டம்.

பெப்ரவரி 15

கலைப்பிரிவு உதாரணம் கேட்டவர்களுக்கு, கொஞ்சம் நீளமாக.

படுவான்கரையிலிருந்து வரும் ஒரு தங்கச்சி. "நீ என்ன குடி?" என்று கோயில் திருவிழாவில் ஒரு பெரியவர் கேட்க, இவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. குடி என்றால் இங்கே தாய்வழியாக வரும் குலப்பிரிவு. வீட்டுக்கு வந்து அம்மம்மாவிடம் கேட்டாள், சொன்னார். அப்பாவின் குடி வேறு என்றும் சொன்னார். ஏன் நான் அம்மாவின் குடி, அப்பாவின் குடி இல்லை என்று கேட்டதற்கு, "அதான் மனே வழமை" என்பதோடு பேச்சு முடிந்தது. அவளுக்கு அது போதவில்லை.

டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969 இல் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கி இதே கேள்வியில் வேலை செய்யத் தொடங்கினார், பல பத்து வருடமாகத் திரும்பத் திரும்ப வந்தார். தாய்வழிக் குடி இங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இருப்பதையும், கோயிலிலும் பள்ளிவாசலிலும் உரிமையும் பொறுப்பும் குடிவழியாகப் போவதையும், வீடு மகளுக்குச் சீதனமாகப் போவதையும் அவர் எழுதினார். அந்தத் தங்கச்சி முதலில் கோபப்பட்டாள், எங்கட வீட்டுக் கதையை அமெரிக்காவிலிருந்து வந்தா எழுத வேணும் என்று. பிறகு அந்தக் கோபமே அவளை வேலை செய்ய வைத்தது. தன் தெருவில் ஒவ்வொரு வீடும் யாருடைய பெயரில் இருக்கிறது, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று பெட்டி பெட்டியாக வரைபடம் கீறிக்கொண்டு வந்தாள். வெளிநாட்டில் மகள் இருக்கும் வீடுகளில் என்ன நடக்கிறது என்பது அவளே எழுப்பிய புதுக் கேள்வி. 1969 இல் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாது.

நான் விஞ்ஞானக்காரி என்பதால் முதலில் இதை எப்படி அளப்பது என்றுதான் யோசித்தேன். என் தோழி சொன்னாள், இவள் செய்வதிலும் கட்டுப்பாடு இருக்கிறது, ஒரே கேள்வியை ஒரே விதமாக எல்லா வீட்டிலும் கேட்கிறாள், சொன்னவரின் வார்த்தையை ஒரு பக்கத்திலும் தன் கருத்தை எதிர்ப்பக்கத்திலும் எழுதுகிறாள், இரண்டையும் கலக்கவில்லை. கிணற்றுத் தம்பியின் கொப்பியையும் இவளுடைய கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒழுக்கம் ஒன்றேதான்.

பொறுமைக்கு அலிஸ் கோபர் என்ற அமெரிக்க ஆய்வாளரின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். கிரீட் தீவின் லீனியர் பி என்ற பழங்கால எழுத்தை யாராலும் வாசிக்க முடியாதிருந்த காலம். யுத்தத்தால் காகிதத் தட்டுப்பாடு. அவர் பழைய வாழ்த்து அட்டைகளையும் தேவாலயத் துண்டுப்பிரசுரங்களையும் வெட்டி, ஏறத்தாழ 180,000 குறிப்பட்டைகள் செய்து, சிகரெட் பெட்டிகளில் அடுக்கி வைத்து, எந்தக் குறி எந்தக் குறிக்குப் பக்கத்தில் வருகிறது என்று வரிசைப்படுத்தினார். 1950 இல் இறந்துபோனார், வாசிக்கக் கிடைக்கவில்லை. 1952 இல் வாசித்தவர் மைக்கேல் வென்ட்ரிஸ், கட்டடக் கலைஞர். 14 வயதில் 1936 இல் ஒரு கண்காட்சியில், இது இன்னும் வாசிக்கப்படவில்லை என்று கேள்விப்பட்டதுதான் அவருக்குத் தொடக்கம். "இன்னும் தெரியாது" என்று ஒரு பெரியவர் அந்தப் பையனிடம் சொன்னதால் வந்தது இவ்வளவும்.

பெப்ரவரி 16

ஆங்கிலம் பிரச்சினை என்று பலர். உண்மை, பெரிய பிரச்சினை. தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளை ஓர் ஆய்வுக் கட்டுரையைத் திறந்தவுடன் மூடிவிடும். நாங்கள் முதல் வரியிலிருந்து வாசிக்க விடுவதில்லை. தலைப்பு, பிறகு படங்களும் அட்டவணைகளும், படம் என்ன சொல்கிறது என்று தமிழில் இரண்டு வரி. அப்புறம் சுருக்கம். அதன்பிறகு எப்படிச் செய்தார்கள் என்ற பகுதி. முன்னுரைக்குக் கடைசியில் வந்தால் போதும். தமிழில் இருப்பவற்றுக்கு 2005 இலிருந்து இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் இருக்கிறது. பழைய மலர்கள், பிரதேச வரலாறுகள், கூத்துப் பிரதிகள், நின்றுபோன சஞ்சிகைகள் எல்லாம் இலவசம். கலைப்பிரிவுப் பிள்ளைக்கு அது புதையல்.

பெப்ரவரி 20

இதை எழுத நாலு நாள் தயங்கினேன். எழுதத்தான் வேண்டும்.

வாகரைப் பக்கமிருந்து ஒருவர், "பிள்ளைகளை அனுப்பி யுத்தகால அனுபவங்களைச் சேகரிக்கலாமே, வாய்மொழி வரலாறு முக்கியம் அல்லவா" என்று கேட்டிருக்கிறார். முக்கியம்தான். ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளையை அனுப்ப வேண்டாம், தயவுசெய்து.

சுனாமிக்குப் பிறகும் யுத்தத்துக்குப் பிறகும் இந்தக் கரையில் கேள்விக்கொத்து பிடித்துக்கொண்டு வந்தவர்களின் எண்ணிக்கைக்கு அளவில்லை. ஒரே அம்மாவிடம் ஒரே கேள்வியை எத்தனையோ பேர் கேட்டார்கள். உங்கள் வீட்டில் யார் யார் இல்லை, எப்போது, எப்படி. எங்கள் பக்கத்து வீட்டு மாமி சொன்னது எனக்கு மறக்காது: "வந்தாங்க, கேட்டாங்க, எழுதினாங்க, போனாங்க. ஒருத்தரும் திரும்பி வந்து என்ன எழுதினதெண்டு சொல்லல்ல." அவருடைய வாக்குமூலம் எங்கோ ஓர் அறிக்கையில் ஒரு பெட்டிக்குள் இருக்கும். அவர் அதைக் கண்ணால் கண்டதில்லை.

அதனால் எங்கள் குழுவில் சில கட்டாயங்கள் வைத்திருக்கிறோம். என்ன செய்கிறாய், ஏன் செய்கிறாய், எங்கே போகும் என்று முதலில் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். சொல்ல விருப்பமில்லை என்றால் முகம் கோணாமல் எழும்பி வர வேண்டும். பெயர் போடக் கூடாது. இழப்பு, காணாமல் போனவர்கள், சாதிச் சண்டை, காணிப் பிணக்கு இவற்றைத் தொடக்கநிலைப் பிள்ளை தொடக் கூடாது. அதற்குப் பயிற்சியும், கேட்டபிறகு உடைந்துபோகிறவரைத் தாங்கிக்கொள்ள ஆளும் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், முடித்ததும் அந்த வீடுகளுக்குத் திரும்பிப் போய் முடிவைச் சொல்ல வேண்டும், தமிழில், அவர்களுக்கு விளங்குகிற மாதிரி. கிணற்றுத் தம்பி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கடதாசியில் அவர்களுடைய கிணற்றின் கணக்கை எழுதிக் கொடுத்தான். கருவாட்டுக்கார அம்மா இப்போது மீன் அலசிய தண்ணீரைத் தூரத்தில் ஊற்றுகிறார்.

இதைச் செய்யாத ஆய்வை நான் ஆய்வு என்று பிள்ளைக்குக் காட்ட மாட்டேன்.

பெப்ரவரி 22

சான்றிதழ் விஷயம். "இளம் ஆய்வாளர்" என்று பட்டம் தருவதாக இணையத்தில் விளம்பரம் வருகிறது. எங்கள் குழுவிலிருந்த ஒரு பிள்ளையின் வாப்பா ஓர் இணைய மாநாட்டுக்குப் பெரிய தொகை கட்டினார். பிள்ளை அனுப்பிய சுருக்கத்தை யாரும் வாசித்த அடையாளம் இல்லை, சான்றிதழ் மட்டும் உடனே வந்தது. அந்த மனிதர் தச்சு வேலை செய்பவர். அந்தப் பணத்தை எப்படிச் சேர்த்திருப்பார் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

இது இங்கே மட்டும் நடப்பதல்ல. 2013 இல் ஜோன் பொஹனன் என்ற பத்திரிகையாளர் வேண்டுமென்றே பெரிய பிழைகள் வைத்த ஒரு போலிக் கட்டுரையை 304 திறந்த அணுக்கச் சஞ்சிகைகளுக்கு, அதாவது யாரும் இலவசமாக வாசிக்கக்கூடிய சஞ்சிகைகளுக்கு, அனுப்பினார். 157 சஞ்சிகைகள் ஏற்றுக்கொண்டன. பிள்ளைக்கு ஒரு கேள்வி சொல்லிக்கொடுங்கள்: "என் கட்டுரையில் எதைத் திருத்தச் சொன்னார்கள்?" ஒன்றையும் திருத்தச் சொல்லாமல் காசு மட்டும் கேட்டால் விலகி வந்துவிட வேண்டும்.

பெப்ரவரி 23

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: ஆங்கிலப் பந்தியை விளங்கிக்கொள்ளப் பாவிக்கலாம், மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கட்டுரைகளின் பட்டியல் கேட்க வேண்டாம், இல்லாத கட்டுரைக்கு இருக்கிற மாதிரித் தலைப்பும் வருடமும் கட்டித் தரும். 2023 இல் நியூயோர்க்கில் வழக்கறிஞர்கள் இப்படி வந்த, இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் கொடுத்து 5,000 டொலர் தண்டம் கட்டினார்கள். எங்கள் விதி: நீ திறந்து பார்க்காத எதையும் உன் கொப்பியில் எழுதாதே.

மார்ச் 1

முதல் நாள் "சைக்கிளில் போய்ப் பார்த்துவரக்கூடிய கேள்வி" என்று எழுதியதை நேற்று ஒரு பிள்ளை வாசித்துவிட்டு என்னிடம் வந்து, "அப்ப மிஸ், எனக்கு வானம்தான் விருப்பம், நான் என்ன செய்ய?" என்றாள். யோசிக்க வைத்த கேள்வி. கிராமத்துப் பிள்ளை கிராமத்தைத்தான் ஆராய வேண்டும் என்று நான் சொன்னதாக யாரும் எடுக்கக் கூடாது. அது பிள்ளையைக் கட்டிப்போடுவது. வானம் வேண்டும் என்பவளுக்கு வானத்தைத்தான் கொடுக்க வேண்டும்.

அவளுக்கு கேலக்ஸி ஸூவைக் காட்டினோம். 2007 இல் தொடங்கியது, தொலைநோக்கிகள் எடுத்த விண்மீன் கூட்டங்களின் படங்களைச் சாதாரண மக்கள் பார்த்து வகைப்படுத்தும் திட்டம். தொடங்கிய அதே வருடத்தில் ஹன்னி வான் ஆர்க்கல் என்ற நெதர்லாந்துப் பள்ளிக்கூட ஆசிரியை ஒரு படத்தில் விசித்திரமான ஓர் ஒளித்திட்டைக் கண்டு, இது என்ன என்று கேட்டார். வானியலாளர்களுக்கும் உடனே தெரியவில்லை. இன்று அந்தப் பொருள் அவருடைய பெயரால் அழைக்கப்படுகிறது. இதற்கு ஒரு போனும் டேட்டாவும் போதும்.

அம்பாறையிலிருந்து எழுதிய தம்பிக்கும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மாவட்டத்தில் நடந்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்து இடதுகரை வாய்க்கால்களில் நடந்தது. 1981 இல் இலங்கையின் கமநல ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இளம் பட்டதாரிகளைக் கிராமங்களில் குடியிருக்க அனுப்பின. அவர்கள் விவசாயிகளோடு பேசி, கேட்டு, எழுதி, சின்னச் சின்னக் குழுக்கள் அமைக்க உதவினார்கள். தண்ணீர் தட்டுப்பாடான போகத்தில் மேல்மடைக்காரர் கீழ்மடைக்காரருக்குத் தண்ணீர் விட்டார்கள், பல வருடம் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களை ஊரே இறங்கித் துப்புரவு செய்தது. கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அந்த வாய்க்கால்களில் இன்று என்ன நிலை என்று உங்கள் ஊர்ப் பிள்ளைகள் போய்ப் பார்க்கலாமே. நீர்ப்பாசனம், சமூகவியல், வரலாறு எல்லாம் ஒரே வரம்பில் நிற்கும் கேள்வி அது. கலைப்பிள்ளையும் கணிதப்பிள்ளையும் சோடியாகப் போகட்டும்.

மார்ச் 2

கணிதப் பிரிவுக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று முறைப்பாடு வந்திருக்கிறது. பாடும் மீன் இருக்கிறதே! கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் தண்ணீருக்குள்ளிருந்து கேட்கும் அந்த ஒலியை எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய ஆட்சி அதிகாரி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். நம் மாவட்டத்தின் அடையாளமே அதுதான். ஒலியை உண்டாக்குவது மீனா, சிப்பியா, சோகியா என்று ஊரில் ஆளுக்கொரு கதை. ஒரு மைக்கை நீர் புகாதபடி பொதிந்து தோணியிலிருந்து இறக்கி, ஒலிப்பதிவை ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் போட்டால் அதிர்வெண் படமாகத் தெரியும். எந்த நேரம், எந்தக் கரை, வாகனம் போகும்போதா இல்லாதபோதா, முகத்துவாரம் திறந்திருக்கும்போதா மூடியிருக்கும்போதா. பௌதிகத்தில் அலையும் அதிர்வெண்ணும் படித்த பிள்ளைக்கு அதை முதல்தடவை கையில் தொட்டுப் பார்க்கும் சந்தர்ப்பம். தோணிக்காரர் இல்லாமல், பெரியவர் இல்லாமல், மிதப்புச் சட்டை இல்லாமல் இரவில் வாவிக்குப் போக விட வேண்டாம். ஒன்றும் கேட்காமல் திரும்பிய இரவையும் திகதி போட்டு எழுதச் சொல்லுங்கள், அதுவும் தரவு.

மார்ச் 8

"பிள்ளை பல்கலைக்கழகத்து ஆய்வாளருக்கு எழுதலாமா, பதில் போடுவார்களா?" என்று கேட்டவருக்கு. எழுதலாம், பலர் போடுகிறார்கள். கட்டுரை காசுக்குப் பின்னால் பூட்டியிருந்தால் எழுதியவரிடமே கேட்கலாம், பெரும்பாலும் சந்தோஷமாக அனுப்புவார்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இருப்பவருக்கும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இருப்பவருக்கும் தமிழிலேயே எழுதலாம். புகழ்ச்சி வேண்டாம், வாழ்க்கை வரலாறு வேண்டாம், "எனக்கு ஒரு தலைப்புத் தாருங்கள்" என்று கேட்கவே வேண்டாம். கிணற்றுத் தம்பி எழுதியதைப் பெயரில்லாமல் தருகிறேன், அவன் சம்மதத்தோடு:

"வணக்கம் சேர். நான் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கிறேன். எங்கள் தெருக் கிணறுகளில் மழைக்கு முன்னும் பின்னும் கடத்துதிறன் அளந்தேன். ஒரு கிணற்றில் மழைக்குப் பின் கூடியிருக்கிறது. பக்கத்தில் உப்புத் தண்ணீர் ஊற்றுவது காரணமாக இருக்கலாம் என நினைக்கிறேன். அதைச் சரிபார்க்க வேறு எதை அளக்க வேண்டும்? அட்டவணையை இணைத்திருக்கிறேன்."

குளோரைட்டும் நைத்திரேற்றும் பார்க்கச் சொல்லிப் பதில் வந்தது, மாதிரியை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவரவும் சொன்னார். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் பொறுத்து ஒரு தடவை நினைவூட்டலாம். அதற்கும் வராவிட்டால் அடுத்தவருக்கு எழுதச் சொல்லுங்கள்.